ஆசிரியர் நியமனமும் அரசின் ஒப்புதலும்

புதிய ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழைந்தால், அவர் பெயர் யாது, எவ்வூரினர், எப்பாடம் நடத்துவார், கண்டிப்பானவரா கனிவானவரா என்றெல்லாம் மாணவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வர். அவருடைய நியமனத்தை அரசு ஏற்றுக்கொண்டதா என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. ஆயினும், அரசின் நிதியுதவி பெறும் தனியார் பள்ளியில் பணியேற்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு கேள்வியே வாழ்வின் ஆதாரமாகும். மாத ஊதியம், ஆண்டுதோறும் கூடும் ஊதிய உயர்வு, முதுமையில் பெறும் ஓய்வுப்பயன் ஆகிய யாவும் அதன் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

உதவிபெறும் பள்ளி என்பது யாது? அதன் கட்டடமும் நிலமும் ஓர் அறக்கட்டளைக்கோ, திருச்சபைக்கோ, சங்கத்திற்கோ உரியவை. ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து நியமன ஆணை வழங்குபவர் அப்பள்ளியின் தாளாளர் அல்லது செயலர். ஆனால் ஊதியம் வருவதோ அரசின் கருவூலத்திலிருந்து. அமர்த்துவது ஒரு கை, ஊதியம் அளிப்பது மற்றொரு கை. இவ்விரண்டிற்கும் நடுவே கல்வித்துறை அலுவலர் இடும் கையொப்பமே நியமன ஒப்புதல். ஆசிரியர் அறைகளில் இதனை ‘அப்ரூவல்’ என்றே வழங்குவர். இக்கையொப்பம் எவ்வாறு தோன்றியது, ஏன் நீதிமன்றத்தின் படியேறியது, அவ்வழக்குகளால் நாம் அறியத்தக்கது யாது என்பனவற்றை இங்கே காண்போம்.

தகுதியை வரையறுப்பதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல என்பதைப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கல்வெட்டுகளே நமக்கு உணர்த்துகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லில் பொறித்தனர். இன்ன அளவு நிலம் உடையவராதல் வேண்டும், சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபது வயதுக்கு உட்பட்டவராதல் வேண்டும், முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் ஆகார் என்பன அவ்விதிகள். அது பிராமணர் சபை. எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. எனினும் அம்முறையில் ஒரு தெளிவு உண்டு. விதியை வகுக்கும்போது அரசனுடைய அதிகாரி உடனிருந்தார். தகுதி இன்னது என்று முன்கூட்டியே எல்லாரும் காண எழுதப்பட்டது. தகுதியுடையோருள் எவர் என்பதைக் குடவோலை முடிவு செய்தது. அதிகாரி தமக்கு வேண்டியவரை அமர்த்தவில்லை.

அதே நிலப்பகுதியில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினொன்றாம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. அங்குக் கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இயங்கின. ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் இன்னின்ன அளவு வழங்கவேண்டும் என்பது அக்கல்வெட்டில் குறிக்கப்பட்டுள்ளது. பொதுச் செல்வத்திலிருந்து ஆசிரியர்க்கு ஊதியம் தரும்போது அதற்குக் கணக்கும் வரம்பும் வேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

இன்று நாம் காணும் நிதியுதவி முறையோ ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றியது. 1837-இல் ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் செங்கற்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது அதுவே. அவர் வழிவந்த மிஷனரிமார் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைப் பள்ளிகளை நடத்தினர். பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறநிதியிலிருந்தும் காஞ்சியில் பள்ளி எழுந்தது. இவையெல்லாம் நன்கொடையை நம்பியே நின்றன.

1854-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை இலண்டனிலிருந்து வந்தது. அரசே எல்லாப் பள்ளிகளையும் நடத்துதல் இயலாது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு நிபந்தனையோடு மானியம் தருக என்பது அதன் சாரம். 1855-இல் சென்னை மாகாணத்தின் முதற் கல்வி இயக்குநராக அலெக்சாண்டர் ஆர்பத்நாட் பொறுப்பேற்றார். மானிய விதிகள் வகுக்கப்பட்டன. ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். ஆனால் அவ்வாசிரியர் குறித்த தகுதிச் சான்று உடையவராதல் வேண்டும். ‘இவர் தகுதியுடையவர்தாமா?’ என்று அரசு அலுவலர் பார்க்கத் தொடங்கிய அந்த நாளே நியமன ஒப்புதலின் பிறந்தநாள் எனலாம். தகுதி வேண்டும் என்றால் தகுதியைத் தருமிடமும் வேண்டுமன்றோ? 1856-இல் தோன்றி, பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அத்தேவையின் விளைவேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு முறையும் கையாளப்பட்டது. ஆய்வாளர் வந்து மாணவரைத் தேர்வு செய்வார். தேறிய தலைகளை எண்ணி மானியம் கணக்கிடப்படும். இதனால் ஆசிரியர் ஆய்வாளர் வருகைக்காகவே பாடத்தை உருப்போட வைத்தனர். கர்சன் பிரபுவின் அரசு 1904-இல் வெளியிட்ட கல்வித் தீர்மானத்தில் இம்முறை தவறென்று ஒதுக்கப்பட்டது. ஆகவே, விளைவை எண்ணிப் பணம் தருவதைவிட, தகுந்த ஆசிரியரை அமர்த்தி அவர்க்கு நிலையான ஊதியம் தருவதே பள்ளிக்கு நன்று என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆயினும் ஆசிரியர் நிலை நெடுங்காலம் உறுதியற்றே இருந்தது. நிருவாகம் விரும்பினால் வேலை, விரும்பாவிட்டால் வெளியேற்றம். முதுமைக்கு ஒரு காசும் இல்லை. இந்நிலையை மாற்றிய பெருஞ்செயல் ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக விளங்கிய காலத்தில், காமராசர் ஆட்சியில், 1955-இல் மும்மைப் பயன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வருங்கால வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் உரியவாயின. இதன் விளைவாக ஒப்புதல் என்பதன் பொருளும் மாறிற்று. அதுவரை அஃது அரசு தன் பணத்தைக் காத்துக்கொள்ளும் தாழ்ப்பாள்; அதன்பின் ஆசிரியரின் வாழ்நாள் உரிமைக்குத் திறவுகோல். எந்த நாளிலிருந்து நியமனம் ஏற்கப்படுகிறதோ அந்த நாளிலிருந்தே பணிக்காலம் எண்ணப்படும். வழக்குகள் மிகுந்ததன் காரணம் இங்கேதான் உள்ளது.

இனி நீதிமன்றங்களின் பக்கம் செல்வோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 30-ஆம் உறுப்பு, சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை அளித்தது. 226-ஆம் உறுப்போ, அரசு அலுவலர் தம் கடமையில் தவறினால் நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குத் தந்தது. முன்னது நிருவாகத்தின் கையில் கேடயமாயிற்று. பின்னது ஆசிரியர் தட்டுதற்குரிய கதவாயிற்று.

முதற் பெரும் சோதனை அண்டை மாநிலமாகிய கேரளத்தில் எழுந்தது. அங்கு 1957-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியரை அரசுத் தேர்வாணையம் தெரிந்தெடுக்கும் பட்டியலிலிருந்தே நிருவாகம் அமர்த்தவேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் இதுகுறித்து உச்ச நீதிமன்றத்தின் கருத்தை வேண்டினார். 1958 மே 22 அன்று தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான ஆயம் விடையளித்தது. நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது; எனவே மானியம் தரும் அரசு ஆசிரியர் நலத்தையும் தரத்தையும் காக்க நிபந்தனை விதிக்கலாம் என்றது. ஆசிரியர்ப் பட்டியல் பற்றிய பிரிவு நிருவாக உரிமையில் ஆழமாகக் கைவைக்கிறது என்று கண்டும், அதனை விட்டுவைத்தது. ஆனால் சிறுபான்மையினர் பள்ளியையே அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் பிரிவுகளை ஏற்கவில்லை. 1960-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி, தகுதியுடையோருள் ஒருவரை மேலாளரே அமர்த்தலாம் என்று ஆக்கியது.

இரண்டாவது வழக்கு அஸ்ஸாமிலிருந்து 1964-இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. தனியார் கல்லூரி ஆசிரியர் ஒருவர், மானிய விதிகளைக் காட்டி அரசு தம்மீது நடவடிக்கை கோருவதை எதிர்த்து நீதிப்பேராணை வேண்டினார். மானிய விதிகள் சட்டமன்றம் இயற்றியவை அல்ல. அவை அரசுக்கும் மானியம் பெறும் நிலையத்திற்கும் இடையிலான நிருவாக நிபந்தனைகளே. அவற்றைக் கொண்டு ஆசிரியர் அரசின்மேல் உரிமை கொண்டாட இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் உலகிற்கு இஃது ஒரு கடும் படிப்பினை. விதி என்று நாம் எண்ணியிருந்தது சட்டத்தின் வலிமை அற்றதாயின், அதனை நம்பி நிற்பவர் கதி என்ன?

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு விடையாக வந்தது, 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்காற்றுச் சட்டம். அடுத்த ஆண்டில் அதன் விதிகளும் வந்தன. பள்ளிக்கு ஒரு குழு, அதற்கு ஒரு செயலர், நியமனத்திற்கு முறை, தகுதிக்கு வரையறை, ஆசிரியரை நீக்க முன் ஒப்புதல், மேல்முறையீட்டிற்கு வழி என்பன சட்டமாயின. வெறும் நிபந்தனையாக இருந்தது உரிமையாயிற்று.

அதே 1974-இல் அகமதாபாது தூய சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினர். தகுதியையும் நன்முறையையும் காக்கும் ஒழுங்காற்று விதி செல்லும். ஆனால் எக்காரணத்தால் மறுக்கலாம் என்ற வழிகாட்டு நெறி ஏதுமின்றி, ஓர் அலுவலர் விருப்பத்திற்கே ஒப்புதலை விட்டுவிடும் விதி சிறுபான்மையினர் நிலையங்களுக்குச் செல்லாது என்றனர். இதனையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றமும், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தா என 1975-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2002 அக்டோபர் 31 அன்று, பதினொரு நீதிபதிகள் அமர்ந்த டி. எம். ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில், ஆசிரியர்க்குரிய குறைந்த அளவுத் தகுதியை எந்த நிலையத்திற்கும் அரசு வரையறுக்கலாம் என்பது உறுதியாயிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்காற்றுச் சட்டம் நிற்கிறது. அதன் விதிகள் 2023-இல் வெளிவந்தன.

பெரிய தீர்ப்புகள் ஒருபுறம் இருக்க, நாள்தோறும் நீதிமன்றம் செல்லும் சிறிய வழக்குகள் எவ்வாறு முளைக்கின்றன? அவற்றை மூன்று கேள்விகளுக்குள் அடக்கலாம். பணியிடம் உண்டா? அமர்த்தப்பட்டவர் தகுதியுடையவரா? அமர்த்திய முறை சரியா?

பணியிடம் என்பது மாணவர் தொகையைப் பொறுத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். அறுபத்தொன்றாம் பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் மூன்றாம் ஆசிரியர் உபரியாகிவிடுவார். கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள கடலோர மீனவக் குப்பங்களில், ஒரு குடும்பம் பிழைப்பைத் தேடி இடம்பெயர்ந்தால் பள்ளியின் எண்ணிக்கையே ஆட்டம் காணும். ஒருவர் ஓய்வுபெற்ற இடத்தில் நிருவாகம் புதியவரை அமர்த்தும். ‘மாவட்டத்தில் வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்க, புதியவர் எதற்கு?’ என்று அலுவலர் கேட்பார். பொதுப்பணம் வீணாகலாகாது என்பது அவர் வாதம். எம் பள்ளிக்கு ஏற்றவரை யாமே தெரிவோம் என்பது நிருவாகத்தின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

தகுதி பற்றிய வழக்கும் அத்தகையதே. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழித் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கான ஆணை 2011 நவம்பரில் பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் அமர்த்தப்பட்டோர் நிலை என்ன, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்று வழக்குகள் பெருகின. கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2025 செப்டம்பர் முதல் நாளில் அளித்த தீர்ப்பிலோ, பிற பள்ளிகளில் முன்பே பணியிலிருப்போருள் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளி பற்றிய கேள்வியைப் பெரிய ஆயத்தின் ஆய்வுக்கு அனுப்பியது.

மூன்றாவதாகிய முறை பற்றிய பூசலில், விளம்பரம் செய்யப்பட்டதா, முன் அனுமதி பெறப்பட்டதா, பள்ளிக்குழு முறைப்படி கூடியதா என்பன ஆராயப்படும். சில இடங்களில் நிருவாகத்திலேயே இரு கட்சிகள் தோன்றி, உண்மையான செயலர் எவர் என்பதே வழக்காகும். அங்கு நியமன ஆணையில் கையொப்பமிட்டவர் யாராயினும், வாடுபவர் ஆசிரியரே.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஆண்டுகளில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இளம் ஆசிரியை ஒருவர் சேர்ந்ததை அறிவேன். ஓய்வுபெற்றவர் ஒருவரின் இடத்தில் அவர் அமர்த்தப்பட்டார். கருத்துரு அலுவலகத்திற்குச் சென்றது. ஒரு சான்று இணைக்கவில்லை என்று திரும்பியது. இணைத்து அனுப்பினர், மாணவர் பதிவேட்டு நகல் வேண்டும் என்று மீண்டும் வந்தது. மூன்றாம் முறை உபரி ஆசிரியரைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் அவர் கருவூல ஊதியம் ஒரு காசும் காணவில்லை. பள்ளி கொடுத்த சிறுதொகை பேருந்துக் கட்டணத்திற்கே சரியாயிற்று. மாலையில் தனிப்பாடம் சொல்லி வீட்டை நடத்தினார்; நகையை அடகு வைத்தார். பள்ளிக்கு ஒருநாளும் தாழ்த்து வந்ததில்லை. உயர் நீதிமன்றம், மறுப்பாணையை நீக்கி, குறித்த வாரங்களுக்குள் மீள ஆராய்ந்து முடிவு செய்க என்று ஆணையிட்டது. சேர்ந்த நாள் முதலே நியமனம் ஏற்கப்பட்டது. நிலுவை ஊதியம் வந்தது. ஆனால் அடகுக்கடைக்குச் செலுத்திய வட்டியும், வழக்குச் செலவும், கலங்கிக் கழித்த இரவுகளும் எந்தக் கணக்கிலும் திரும்பி வரவில்லை.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் புதிய கொள்கை எதனையும் வகுப்பதில்லை. முடிவு சொல்க, காரணத்தோடு சொல்க, காலத்தில் சொல்க என்றே அலுவலருக்கு நினைவூட்டுகிறது. மூன்று முறை திரும்பிய கருத்துருவின் குறைகளை முதல் முறையே ஒருசேரச் சுட்டியிருந்தால் அந்த வழக்கே தோன்றியிராது.

ஆகவே, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது என்ன? ஒப்புதல் வேண்டாத ஒன்று என்று சிலர் கூறுவர், அது பிழை. அது இல்லையேல் தகுதியற்றவர் வகுப்பில் புகுவர். உறவும் கைக்கூலியும் நியமனத்தை முடிவு செய்யும். மக்கள் வரிப்பணத்திற்குக் கணக்கு இராது. ஒப்புதலே எல்லாம், ஆளையும் அரசே தெரியட்டும் என்று வேறு சிலர் கூறுவர்; அதுவும் பிழை. அரசு தொடாத காலத்தில் ஊர்தோறும் பள்ளி எழுப்பியவர்க்குத் தம் ஆசிரியரைத் தெரியும் பொறுப்பும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டையே நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப வரைந்துள்ளன. தகுதியை அரசு வரையறுக்கும். தகுதியுடையோருள் ஒருவரை நிருவாகம் தெரியும். தெரிந்தது விதிப்படியா என்பதை அரசு பார்க்கும். பார்ப்பது வேறு, தெரிவது வேறு.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர். சிலர் பள்ளி நிருவாகத்தில் அமர்வீர். சிலர் கல்வி அலுவலராகிக் கோப்பின் முன் பேனாவுடன் இருப்பீர். ஆசிரியராவோர் நியமன ஆணை, பணியேற்ற நாள், கருத்துரு சென்ற நாள் ஆகியவற்றைப் பத்திரமாகப் பதிந்து வையுங்கள். உரிமை ஏட்டில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். நிருவாகிகளாவோர் பணியிடம் உண்டா என்று உறுதி செய்தபின்னரே ஒருவரை அழையுங்கள். இல்லாத இடத்திற்கு ஆளை அமர்த்துவது அவர் இளமையை வீணாக்குவதாகும். அலுவலராவோர் ஒன்றை மறவாதீர்கள்: கோப்பு மேசையில் உறங்கும் ஒவ்வொரு மாதமும் எங்கோ ஓர் ஆசிரியர் ஊதியமின்றிக் கரும்பலகையின் முன் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆம் என்றாலும், இல்லை என்றாலும், அதனை உரிய காலத்தில் அவர்க்குச் சொல்வதே நீதி.